அத்ரீஷ் பர்தன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்காளத்து அறிவியல் புனைகதை என்றதும் நம் ஆட்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது சத்யஜித் ராய். அதில் தப்பில்லை. ஆனால் ராய் உட்பட ஒரு தலைமுறையையே ஒரு பத்திரிகையின் கீழ் கூட்டிவந்த மனிதரைப் பற்றித் தமிழில் விவரமாகப் படிக்கக் கிடைப்பது மிகக் குறைவு. அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

அத்ரீஷ் பர்தன் யார்?

1932 டிசம்பர் 1 அன்று கல்கத்தாவில் பிறந்தவர். 2019 மே 21 அன்று அதே ஊரில் காலமானார். துப்பறியும் கதைகளும் அறிவியல் கதைகளும் நூற்றுக்கணக்கில் எழுதியவர். ஜூல் வெர்னையும் ஷெர்லக் ஹோம்ஸையும் வங்க வாசகர்களின் கைக்குக் கொண்டுபோன மொழிபெயர்ப்பாளர். 1963இல் இந்தியாவின் முதல் அறிவியல் புனைகதைப் பத்திரிகையைத் தொடங்கி நடத்தியவர்.

ஒரே ஒரு வேலைக்காக மட்டும் அவரை நினைவில் வைக்கலாம் என்றால் நான் கடைசியாகச் சொன்னதைத்தான் தேர்ந்தெடுப்பேன். நல்ல கதை எழுதியவர்கள் வங்காளத்தில் அவருக்கு முன்னும் இருந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு இடமும் பெயரும் உண்டாக்கிக் கொடுத்தவர் இவர்.

பர்தனா, வர்தனா?

இரண்டும் ஒன்றுதான். வங்க மொழியில் 'வ' பெரும்பாலும் 'ப' ஆகிவிடும். நம் வர்தன் அங்கே பர்தன், நம் விஞ்ஞானம் அங்கே பிக்யான்.

'கல்பவிஞ்ஞான்' என்ற சொல் இவருடையதா?

ஆம், அந்தச் சொல்லை வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பர்தன் என்றுதான் வங்க இலக்கிய உலகம் சொல்கிறது. தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டாம். 'கல்பனா'தான் நமக்குக் கற்பனை. விஞ்ஞானம் நமக்கும் விஞ்ஞானமே. இரண்டையும் ஒட்டினால் கல்பவிஞ்ஞான். வங்காளியர் சொல்லும்போது அது 'கொல்போபிக்கான்' என்று உருண்டு வரும்.

சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். 'சயின்ஸ் ஃபிக்ஷன்' என்பதை அப்படியே மொழிபெயர்த்தால் விஞ்ஞானம் முன்னாலும் கதை பின்னாலும் வரும். பர்தனின் சொல்லில் கற்பனை முன்னால் வந்து நிற்கிறது. கதை எழுத உட்காருகிறவனுக்கு அந்த வரிசை ஒரு விடுதலை. புராணமும் நாட்டார் கதையும் பூதமும் விண்கலமும் ஒரே கூரைக்கடியில் இருந்துகொள்ளலாம் என்ற அனுமதி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தெற்காசிய அறிவியல் புனைகதையை ஆராய்கிறவர்கள் இன்று ஆங்கிலத்தில் எழுதும்போதும் இந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்துக்கொள்கிறார்கள்.

அவருக்கு முன்னால் வங்காளத்தில் இந்த வகைக் கதை இருந்ததா?

தாராளமாக இருந்தது. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் பர்தன் எதன்மேல் கட்டினார் என்பது இதில்தான் தெரியும்.

1896இல் 'குந்தலீன்' என்ற கூந்தல் தைலத்தின் முதலாளி ஒரு சிறுகதைப் போட்டி வைத்தார். கதையில் எப்படியாவது தைலம் வந்துவிட வேண்டும், ஆனால் விளம்பரம்போல இருக்கக் கூடாது. அதற்கு ஒரு கதை எழுதிப் பரிசு வாங்கியவர் ஜகதீஷ் சந்திர போஸ். ஆமாம், நம் பாடப் புத்தகத்தில் வரும் அதே விஞ்ஞானிதான். கல்கத்தாவை ஒரு பெரும்புயல் தாக்கப்போகிறது என்று அறிவிப்பு வருகிறது, ஊரே நடுங்குகிறது, கடைசியில் புயல் எங்கே போனதென்றே தெரியவில்லை. காரணம் இதுதான்: உடம்பு தேறுவதற்காக இலங்கைக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த வழுக்கைத் தலைக்காரர் ஒருவர், மலைபோல எழுந்த அலையைப் பார்த்து, கையிலிருந்த கூந்தல் தைல பாட்டிலைக் கடலில் வீசுகிறார். எண்ணெய்ப் படலம் பரவுகிறது, கடல் அடங்கிவிடுகிறது. எண்ணெய் அலையைத் தணிக்கும் என்பது மாலுமிகளுக்குப் பழக்கமான விஷயம், இயற்பியலும் அதை ஒப்புக்கொள்கிறது. ஒரு பாட்டில் போதுமா என்பது மட்டும் கற்பனை. 1921இல் போஸ் இதே கதையை விரித்து எழுதி, தன் கட்டுரைத் தொகுப்பில் சேர்த்தார்.

அப்புறம் பேகம் ரொக்கேயா. 1905இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' கதையில் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்கிறார்கள், பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள், சூரிய வெப்பத்தைக் குவித்து எதிரிப் படையை விரட்டுகிறார்கள், வானத்தில் பறக்கும் வண்டியில் போகிறார்கள். கணவர் வெளியூர் போயிருந்தபோது பொழுதைப் போக்க எழுதியது. நமக்கு இதில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. அந்தக் கதை முதலில் அச்சானது நம் மெட்ராஸில், கமலா சத்தியநாதன் ஆசிரியராக இருந்து நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில். வங்காளத்துப் பெண்ணொருவரின் எதிர்காலக் கனவுக்குச் சென்னைப் பத்திரிகைதான் முதல் வாசல். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

பிறகு பிரேமேந்திர மித்ரா. 1945இல் 'கொசு' என்ற கதையோடு அவருடைய கனாதா வந்து சேர்ந்தார். கல்கத்தாவில் ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, உலகத்தையே தான்தான் காப்பாற்றியதாக அளந்துவிடும் ஆசாமி. அளப்பது பொய்தான், ஆனால் அதில் வரும் பூகோளமும் விஞ்ஞானமும் சரியாக இருக்கும். 1961இல் சத்யஜித் ராய் தாத்தா காலத்துச் 'சந்தேஷ்' சிறுவர் இதழுக்கு மறுபடி உயிர் கொடுத்து, அதில் பேராசிரியர் ஷோங்குவின் கதைகளை எழுத ஆரம்பித்தார்.

ஆக எழுத்தாளர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு கதை தைலக் கம்பெனியின் போட்டித் தொகுப்பில், ஒன்று மெட்ராஸ் மகளிர் இதழில், மற்றவை சிறுவர் இதழ்களில். இவையெல்லாம் ஒரே குடும்பம் என்று ஊரைக் கூட்டிச் சொல்ல ஆள் இல்லை.

அந்தப் பத்திரிகையின் பெயர் என்ன? எப்படித் தொடங்கியது?

'ஆஷ்சர்ஜ'. நம் 'ஆச்சரியம்' தான் அது. ஒரு அறிவியல் கதைப் பத்திரிகைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இந்திய மொழிகளில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எழுதுகிறவனும் படிக்கிறவனும் சந்திக்க வேண்டிய உணர்ச்சியையே பெயராக வைத்துவிட்டார்.

காலத்தையும் பாருங்கள். 1961 ஏப்ரலில் ககாரின் விண்வெளிக்குப் போய்த் திரும்பினார். அந்த ஆண்டு முடிவதற்குள் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவையும் பார்த்துவிட்டுப் போனார். செய்தித்தாளைத் திறந்தால் ராக்கெட். அடுத்த ஆண்டையும் விட்டு, 1963 ஜனவரியில் ஆஷ்சர்ஜ வெளிவந்தது. பிரேமேந்திர மித்ரா தலைமை ஆலோசகர். ஆசிரியர் என்று அச்சான பெயர் ஆகாஷ் சேன்.

ஆகாஷ் சேன் யார்?

பர்தனேதான். ஆசிரியர் பொறுப்புக்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். ஆகாஷ் என்றால் ஆகாயம்.

ஒரு புதுவகைப் பத்திரிகைக்கு மாதாமாதம் கதை எங்கிருந்து கிடைத்தது?

பத்திரிகை நடத்தியவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். எழுத்தாளர் பத்துப் பேர் இருந்தாலும் இதழுக்குக் கதை வந்து சேராது. கேட்டு, நச்சரித்து, திருத்தி, சில சமயம் தானே உட்கார்ந்து எழுதி நிரப்ப வேண்டும்.

பர்தன் மூன்று வழிகளில் போனார். முதலாவது, பெரிய பெயர்கள். மித்ராவும் ராயும் ஆஷ்சர்ஜவில் எழுதினார்கள். இரண்டாவது, மொழிபெயர்ப்பு. ஆர்தர் கிளார்க், அசிமோவ், ஹைன்லைன் ஆகியோரின் கதைகளை வங்க வாசகர்கள் பலர் முதலில் படித்தது இந்தப் பக்கங்களில்தான். மூன்றாவது வழிதான் என் பார்வையில் முக்கியமானது: புதியவர்கள். ரணேன் கோஷ், திலீப் ராய்சௌத்ரி, ஏணாக்ஷி சட்டோபாத்யாய், குர்ணேக் சிங், சுஜித் தர் என்று ஒரு வரிசையே அங்கிருந்து கிளம்பியது. கதையை அனுப்பினால் படிக்கவும், சரியில்லை என்றால் சொல்லவும், நன்றாக இருந்தால் அச்சில் போடவும் ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்தாலே இளைஞர்கள் எழுத ஆரம்பித்துவிடுவார்கள். சுஜித் தரும் ரணேன் கோஷும் பிற்பாடு 'விஸ்மய்' என்று தங்களுடைய சொந்த அறிவியல் கதைப் பத்திரிகையையே தொடங்கினார்கள். ஒரு ஆசிரியருக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா?

சத்யஜித் ராய்க்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

பத்திரிகையில் எழுதியதோடு முடியவில்லை. கல்கத்தாவில் சயின்ஸ் ஃபிக்ஷன் சினி கிளப் ஒன்று 1966இல் தொடங்கியது. அறிவியல் கற்பனைப் படங்களை உறுப்பினர்களுக்குத் திரையிட்டுக் காட்டும் சங்கம். ராய் தலைவர், மித்ரா துணைத் தலைவர், பர்தன் செயலாளர். சங்கம் நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தலைவர் பெயர் அழைப்பிதழில் இருக்கும், ஓடியாடுவது செயலாளர்தான். ஓவியரான ராய் சங்கத்துக்குச் சின்னமும் வரைந்து கொடுத்தார்.

இந்தச் சங்கத்தால் விளைந்த ஒரு கதை உண்டு. சங்கம் அமைக்கும் முயற்சி நடந்துகொண்டிருந்த 1964இல், வாழ்த்துச் செய்தி கேட்டு ராய் ஒரு கடிதம் எழுதினார். யாருக்கு? இலங்கையில் குடியேறிக் கொழும்பில் வாழ்ந்துகொண்டிருந்த ஆர்தர் கிளார்க்குக்கு. கிளார்க் பதில் போட்டார். ராயின் படங்கள் தனக்குப் பிடிக்கும் என்றும் எழுதினார். கடிதப் போக்குவரத்து வளர்ந்தது. பிறகு லண்டனில் இருவரும் சந்தித்தபோது, வங்காளத்துக் கிராமக் குளத்தில் ஒரு விண்கலம் இறங்குவதாகத் தன் மனதில் ஓடிக்கொண்டிருந்த படத்தை ராய் சொன்னார். கிளார்க் அதை இலங்கையிலிருந்த தன் நண்பர் மைக் வில்சனிடம் சொல்ல, வில்சன் கல்கத்தாவுக்கே வந்து இறங்கிவிட்டார். அவர் பக்கத்தில் இருக்க 1967இல் ராய் எழுதி முடித்த திரைக்கதைதான் 'தி ஏலியன்'. ஹாலிவுட் வரை போய், கடைசியில் படமாகவே இல்லை. அதன் வேர், 1962இல் ராய் 'சந்தேஷ்' இதழில் எழுதிய 'பொங்குபாபுவின் நண்பன்' என்ற சிறுகதை.

படம் வராதது வேறொரு சோகம். நான் பார்ப்பது இதன் ஆரம்பத்தை: கல்கத்தாவில் சிலர் படம் பார்க்க ஒரு சங்கம் வைக்க நினைத்தார்கள், அதற்காக ஒரு தபால் கொழும்புக்குப் போனது. பத்திரிகையோடு நிற்காமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டே போன ஒரு செயலாளர் இருந்த ஊரில்தான் இப்படி நடக்கும்.

வானொலியிலும் ஏதோ செய்தாராமே?

ஆம். 1966இல் ஆல் இந்தியா ரேடியோவின் கல்கத்தா நிலையத்தில் 'சபுஜ் மானுஷ்', அதாவது 'பச்சை மனிதன்', ஒலிபரப்பானது. பிரேமேந்திர மித்ரா, பர்தன், திலீப் ராய்சௌத்ரி, சத்யஜித் ராய் என நான்கு பேர் ஒரே தலைப்பில் சேர்ந்து உருவாக்கியது. ஒரே ஆண்டில் பத்திரிகை, சங்கம், வானொலி மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன.

ஆஷ்சர்ஜ ஏன் நின்றது?

ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் நடந்தது. பிறகு பர்தனின் வீட்டில் இடி விழுந்தது. மணமாகி அதிக காலம் ஆகாத நிலையில் மனைவி இறந்துபோனார். மகன் சிறு குழந்தை. குழந்தையை வளர்க்கும் பொறுப்பு அவர் தலையில். பத்திரிகை நின்றது.

தனி ஒருவரின் உழைப்பில் ஓடும் பத்திரிகைகளின் நிலைமை இதுதான். அந்த ஒருவரின் வீட்டில் விளக்கணைந்தால் அச்சகத்திலும் அணைந்துவிடும். நம்மூர்ச் சிறுபத்திரிகைகளின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அதோடு விட்டுவிட்டாரா?

இல்லை. 1975இல் 'ஃபேன்டாஸ்டிக்' என்ற பெயரில் மறுபடி தொடங்கினார். ஒழுங்கான இடைவெளியில் வரவில்லை, மறுபிரசுரங்களும் அதிகம். இருந்தாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தது. ஆஷ்சர்ஜவின் துடிப்பு இதில் இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு, நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் அப்படியொரு அடி விழுந்த பிறகு ஒரு மனிதர் மறுபடியும் புரூஃப் திருத்த உட்கார்ந்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

எழுத்தாளராக அவர் படைத்தவற்றில் எது முக்கியம்?

வங்காளச் சிறுவர்களுக்கு அவர் பேராசிரியர் நாட்-போல்ட்டு சக்ராவின் அப்பா. நட்டும் போல்ட்டுமே பெயரான விஞ்ஞானி. காலேஜ் ஸ்ட்ரீட் நடைபாதைக் கடையில் அந்தத் தொகுப்பு ஒன்றை முதன்முதலாக எடுத்தபோது நான் எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். நா-ட்-பொல்-டு என்று வாய்விட்டுச் சொன்னதும்தான் பொருள் புரிந்தது. புத்தகம் அட்டை தேய்ந்து, ஓரமெல்லாம் பழுத்திருந்தது. உள் பக்கத்தில் யாரோ ஒரு தங்கைக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்ததாக மையால் எழுதியிருந்தது. அந்த மொழியை ஓரளவு படிக்கப் பழகியதற்கு அந்தப் புத்தகம் ஒரு காரணம்.

பெரியவர்களுக்கு அவருடைய துப்பறிவாளர் இந்திரநாத் ருத்ரா. இந்த வரிசைக் கதைகள் விறுவிறுப்பானவை, அதிகம் விற்றவை. எனக்கு நாட்-போல்ட்டுதான் மேல். ஷோங்குவின் அமைதியும் நேர்த்தியும் அதில் இருக்காது. ஆனால் ஒரு சித்தப்பா குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு, கையை ஆட்டி, கண்ணை உருட்டிச் சொல்லும் வேகம் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் பர்தன் எப்படி?

ஜூல் வெர்ன், கோனன் டாயில், எட்கர் ஆலன் போ, லவ்கிராஃப்ட். இவர்களை வங்காளியர் ஒரு தலைமுறை படித்தது இவருடைய மொழியில். வரிக்கு வரி போகிறவர் அல்ல. வங்கமொழிப் பேச்சின் ஓட்டத்துக்கு வாக்கியத்தை வளைப்பார், தேவைப்பட்டால் சுருக்குவார். மூலத்துக்கு விசுவாசமாக இல்லை என்று இதைக் குறை சொல்லலாம். முழு மொழிபெயர்ப்பை எதிர்பார்த்துப் போகிறவருக்கு அந்தக் குறை நியாயமானதே. ஆனால் பன்னிரண்டு வயதுப் பையன் புத்தகத்தைக் கீழே வைக்காமல் முடிக்க வேண்டும் என்பது அவருடைய இலக்கு. அதில் அவர் தோற்கவில்லை.

இலக்கிய உலகம் அவரை மதித்ததா?

உரிய காலத்தில், உரிய அளவில் இல்லை என்பதே என் கருத்து. துப்பறியும் கதை, அறிவியல் கதை, சிறுவர் கதை, மொழிபெயர்ப்பு. இந்த நான்குமே 'பெரிய இலக்கியம்' என்று சொல்லப்படுவதன் வாசலுக்கு வெளியே நிற்கவைக்கப்படுகிறவை. நான்கையும் ஒருசேரச் செய்தவரை எங்கே உட்காரவைப்பது என்று விமரிசகர்களுக்குத் தெரியவில்லை.

தமிழில் இப்படி ஒருவர் உண்டா?

எழுத்தாளர் என்றால் சுஜாதா இருக்கிறார். பெங்களூரில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே, 'என் இனிய இயந்திரா'வை ஆனந்த விகடனில் தொடராக எழுதி வீட்டுக்கு வீடு ரோபோ நாயைக் கொண்டுபோனவர். ஆனால் இரண்டு மொழிகளின் பாதையும் வேறு. இங்கே அறிவியல் கதை வளர்ந்தது வார இதழ்களின் தோளில், பெரும்பாலும் ஒரே பெரிய பெயரை நம்பி. அங்கே அதற்கென்றே ஒரு பத்திரிகை இருந்ததால், ஒருவர் எழுதாமல் போனாலும் இன்னொருவர் எழுதினார். பர்தனை நான் இத்தனை பேரிடம் எடுத்துச் சொல்வதற்குக் காரணமும் அதுவே. நமக்கு இன்னும் கதாசிரியர்கள் வேண்டும், சரி. அந்தக் கதைகளைக் கேட்டு வாங்கிப் படித்துத் திருத்தும் ஒரு ஆகாஷ் சேன் அதைவிட அவசரமாக வேண்டும்.

இன்று அவருடைய வேலை எந்த நிலையில் இருக்கிறது?

நல்ல நிலையில். 2016இல் 'கல்பபிஷ்வ' என்ற வங்க இணைய இதழ் அறிவியல் கதைக்கும் மிகைக்கற்பனைக்கும் என்றே தொடங்கியது. அந்த இளைஞர்கள் பழைய ஆஷ்சர்ஜ பரம்பரையைத் தேடிப்பிடித்து, பர்தனின் எழுத்துகளை மறுபடி நூல்களாகவும் கொண்டுவந்தார்கள். முதுமையில் அவர் தன் வாசகர்களின் பேரப்பிள்ளைத் தலைமுறை தன்னைப் படிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். நார்வேயின் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் போதிசத்வ சட்டோபாத்யாய் கல்பவிஞ்ஞானைப் பற்றி ஆய்வு செய்து தொடர்ந்து எழுதிவருகிறார்.

வங்கமொழி தெரியாதவர் எங்கிருந்து தொடங்குவது?

ஆங்கிலம் படிப்பீர்கள் என்றால், 2019இல் தருண் செயின்ட் தொகுத்து கோலன்ஸ் என்ற பதிப்பகத்தின் பெயரில் வந்த தெற்காசிய அறிவியல் புனைகதைத் தொகுப்பை எடுங்கள். அருணவா சின்ஹாவின் மொழிபெயர்ப்பில் பர்தனின் கதை ஒன்று அதில் இருக்கிறது. பக்கத்திலேயே மற்ற மொழிக்காரர்களும் இருப்பதால் அவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதும் புரியும். அப்புறம் ராயின் ஷோங்கு கதைகள், மித்ராவின் கனாதா கதைகள். இரண்டுமே ஆங்கிலத்தில் கிடைக்கின்றன.

வங்க எழுத்து ஓரளவு படிக்கத் தெரிந்தால் நேராக நாட்-போல்ட்டுவுக்குப் போங்கள். வாய்விட்டுப் படியுங்கள். பாதிச் சொற்கள் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவையாக இருக்கும்.